நத்தை பெருகினால் மீனுணவு டப்பாவைப் பாருங்கள்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைத் தெரு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்பாஞ்ச் பில்டர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் கல்லாவில் இரண்டு பேர். சின்னப் பையனைக் கையில் பிடித்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "அண்ணே, கண்ணாடியெல்லாம் பாசி புடிக்குது. இந்த மஞ்ச நத்தை ரெண்டு போட்டா சுத்தம் பண்ணிடுமா?" பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனுக்கு வேறு கவலை: "அண்ணே, தொட்டி முழுக்கக் குட்டிக் குட்டியா நத்தை. கொல்றதுக்கு மருந்து இருக்கா?" கடைக்காரர் அம்மாவுக்கு இரண்டு நத்தைகளைப் பையில் கட்டிக் கொடுத்தார். பையனுக்கு ஒரு நீலப் புட்டியை எடுத்து வைத்தார்.

இரண்டு பேருமே ஏமாறப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மாவின் கண்ணாடியில் இருந்தது பச்சைப் பாசி. மஞ்சள் நத்தை அதை ஓரளவுக்குத்தான் தின்னும், ஆனால் நிறையக் கழியும். அந்தப் பையனின் நிலைமை இன்னும் மோசம். மருந்து வேலை செய்தால், ஒரே இரவில் நூற்றுக்கணக்கான நத்தைகள் செத்துத் தொட்டிக்குள்ளேயே அழுகும். அந்தப் பையனிடம் பேச்சுக் கொடுத்து, புட்டியைத் திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறேன். நத்தை இல்லாத தொட்டி என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நத்தை தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்ல மாட்டேன். தொட்டியை நாசமாக்கும் என்பதும் பெரும்பாலும் பொய். நாம் தேவைக்கு மேல் எவ்வளவு உணவு போடுகிறோம் என்பதை நத்தை தன் எண்ணிக்கையால் நமக்குக் காட்டுகிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால், நன்மையா தீமையா என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி, எந்த நத்தை என்பதில் இருக்கிறது.

எந்த நத்தை?

வீட்டுத் தொட்டிக்குள் அழைக்காமல் வருபவை பெரும்பாலும் மூன்று. செடி வாங்கும்போது இலையின் அடியில் கண்ணாடி போன்ற ஒரு சின்ன ஜெல்லிப் பொட்டாக ஒட்டிக்கொண்டு வருவது பிளாடர் நத்தை, அல்லது தட்டையாகச் சுருண்ட ராம்ஸ்ஹார்ன் நத்தை. மண்ணோடும் கல்லோடும் குஞ்சாகவே வந்து சேர்வது, திருகாணி போல நீண்டு கூர்ந்த டிரம்பெட் நத்தை.

பிளாடர் நத்தையைக் கண்டுபிடிப்பது எளிது. ஓட்டின் கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் அதுதான். பெரும்பாலான நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம். இது சாதாரண வேடிக்கை இல்லை. இதே அளவில், இதே நிறத்தில், வலப்பக்கம் வாயுள்ள லிம்னியா என்ற குளத்து நத்தையும் செடியோடு வருவதுண்டு. அது மென்மையான இலைகளைக் கடித்து ஓட்டை போடும். பிளாடர் நத்தையோ அழுகிய இலையையும் இலை மேல் படியும் பாசியையும்தான் தேடிப் போகும். செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் முதலில் வாய் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்துவிட வேண்டும்.

ராம்ஸ்ஹார்னில் சிவப்பாக விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சாயம் இல்லை. பெரும்பாலான நத்தைகளின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது செம்பு கலந்த ஒரு புரதம். அதனால் அவற்றின் இரத்தம் இளநீலம். ராம்ஸ்ஹார்ன் குடும்பத்துக்கு நம்மைப் போல இரும்பு கலந்த ஹீமோகுளோபின். உடலில் கருநிறமி இல்லாமல் பிறக்கும் நத்தைகளில் அந்தச் சிவப்பு வெளியே தெரிகிறது.

டிரம்பெட் நத்தைதான் எனக்கு மிகப் பிடித்தது. உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் இதை 'மலேசியன் டிரம்பெட்' என்கிறார்கள். ஆனால் டென்மார்க்கின் இயற்கையியலாளர் ஓட்டோ பிரெடரிக் முல்லர் 1774இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, இதன் இடமாகக் குறித்தது மலேசியாவை அல்ல. நம் சோழமண்டலக் கரையை. நம் வாய்க்காலிலும் குளத்திலும் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் பழைய குடி இது. பிளாடர் நத்தையின் கதை இதற்கு நேர்மாறு. 1805இல் பிரான்சின் கரோன் ஆற்றிலிருந்து எடுத்து அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் பிறந்தகம் வட அமெரிக்கா என்பது பின்னால்தான் தெளிவானது. கப்பலிலும் செடியிலும் ஏறி, பெயர் கிடைப்பதற்கு முன்பே ஊர் மாறிவிட்ட உயிர் அது.

இந்த மூன்றும் பெருகும் வேகத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் ஆணும் பெண்ணும் ஒரே உடலில் அமைந்தவை. துணை கிடைத்தால் துணையோடு, கிடைக்காவிட்டால் தனியாகவே முட்டையிட முடியும். டிரம்பெட்டில் பெண்ணே ஆணில்லாமல் குஞ்சு ஈனும். அதுவும் முட்டையாக இல்லாமல் ஓட்டோடு பிறந்த குஞ்சாக. ஆகவே "ஒன்றே ஒன்றுதானே வந்தது, எப்படி நூறானது?" என்று வியக்க வேண்டியதில்லை.

காசு கொடுத்து வாங்குபவை வேறு இனம். மிஸ்டரி என்றும் ஆப்பிள் நத்தை என்றும் விற்கும் மஞ்சள், நீல, தந்த நிறத்து உருண்டைகள் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. இவற்றில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் நத்தை இரவில் தண்ணீருக்கு மேலே ஏறி, மூடியின் அடியிலோ கண்ணாடியின் விளிம்பிலோ தேன்கூடு போல ஒரு கொத்து முட்டை வைக்கும். பெருக வேண்டாமா? அந்தக் கொத்தை எடுத்துவிட்டால் போதும். கடையில் வாங்கி வந்த ஒற்றைப் பெண் நத்தைகூட முட்டை வைக்கலாம். வாங்குவதற்கு முன் சேர்ந்த விந்தைப் பல வாரம் உடலில் வைத்திருக்கக் கூடியது அது.

பாசிக்கு என்று கேட்டால் நான் சொல்வது நெரைட் நத்தை மட்டும்தான். கோடு போட்டதும் கொம்பு வைத்ததுமாக வரும். கண்ணாடி, கல், மரத்துண்டு மேல் படியும் மெல்லிய பச்சைப் பாசியையும் புதுத் தொட்டிகளில் வரும் பழுப்புப் படிவையும் அரம் போன்ற நாக்கால் சுரண்டித் தின்னும். வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் அது போன வழி வளைந்து வளைந்து கண்ணாடியில் தெரியும். இதன் குஞ்சுகள் உப்பு கலந்த கழிமுக நீரில்தான் பிழைக்கும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் பெருகவே பெருகாது. ஒரே குறை, எள் போன்ற வெள்ளைப் பொட்டுகளாக முட்டைகளைக் கண்ட இடத்தில் ஒட்டி வைக்கும். நகத்தால் சுரண்டினாலும் லேசில் வராது. அழகுக்காகக் கருப்புக் கல் வைத்திருப்பவர்களுக்கு அது கண்ணை உறுத்தும். தண்ணீரே பச்சையாவதையும், இலை ஓரத்தில் வளரும் கருந்தாடிப் பாசியையும் எந்த நத்தையும் தீர்க்காது.

வயலிலிருந்து பிள்ளைகள் பிடித்துவரும் பெரிய நத்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கறிக்காகப் பிடிக்கும் அந்த நத்தை ஆப்பிள் நத்தையின் நம்மூர் ஒன்றுவிட்ட உறவு. பார்க்க அழகு. ஆனால் செடியுள்ள தொட்டியில் விட்டால் ஒரு வாரத்தில் தண்டு மட்டும்தான் மிஞ்சும்.

அழுக்கு எங்கே போகிறது?

"நத்தை மிச்ச உணவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கிறது" என்பது கடைகளில் அதிகம் கேட்கும் வாக்கியம். தின்பது உண்மை. சுத்தம் என்பதில்தான் சிக்கல்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி நம் வீடுகளில் சாதாரணம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் சொச்சம். மண், கல் போக 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மீனுணவு டப்பாவில் புரதம் 40 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது என்று கொள்வோம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, 1 கிராம் உணவில் சுமார் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அந்த 1 கிராம் உணவை மீன் தின்னாமல் விட்டு, அது அப்படியே அழுகினால், லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். பில்டரில் பாக்டீரியா குடியேறாத புதுத் தொட்டியில் இது மீனைச் சாய்க்கப் போதுமான அளவு.

அந்த உணவை நத்தை தின்றால்? ஒரு பங்கு அதன் உடம்பாக மாறும். மீதி கழிவாக, அம்மோனியாவாக அதே தண்ணீருக்கு வரும். நைட்ரஜன் எங்கும் மாயமாகப் போய்விடுவதில்லை. பில்டர் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நைட்ரேட் தொட்டியை விட்டு வெளியேற முக்கியமாக இரண்டு வழி: நீங்கள் வாரந்தோறும் வாளியில் எடுத்து ஊற்றும் தண்ணீர், அல்லது செடி உறிஞ்சி வளர்ந்து, நீங்கள் கத்தரித்து எடுக்கும் இலை. நத்தையை எண்ணிக்கையில் கூட்டி தண்ணீர் மாற்றும் வேலையைக் குறைக்க முடியாது. நடப்பது வேறு மாதிரி. குறைக்க முடியும் என்று நம்பி வாங்கிய பெரிய மிஸ்டரி நத்தைகள் தாமே ஒரு மீன் கூட்டம் அளவுக்குக் கழியும்.

ஆனாலும் நத்தை செய்யும் ஒரு வேலையை நான் மதிக்கிறேன். கல் இடுக்கில், செடி வேரடியில், பில்டர் இழுவை எட்டாத மூலையில் கிடந்து பூஞ்சை பிடிக்கும் உருண்டையை அது தேடிப் போய்த் தின்றுவிடுகிறது. பெரிய துண்டு நுண்ணிய துகளாகி, பாக்டீரியா கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. ஒரே இடத்தில் மொத்தமாக அழுகுவதற்குப் பதில், கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிச் செரிக்கிறது. காட்டில் மண்புழு செய்வதைப் போன்றது. குப்பை இல்லாமல் போகாது. குப்பை மட்கும் விதம் மாறும்.

செடிக்கும் நத்தைக்கும் இருக்கும் உறவு பலரும் நினைப்பதைவிட நல்லது. சுவீடன் ஆய்வாளர் கிறிஸ்டர் பிரான்மார்க் 1985இல் ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடியை நத்தையோடும் நத்தை இல்லாமலும் வளர்த்துப் பார்த்தார். நத்தையோடு இருந்த செடிதான் நன்றாக வளர்ந்தது. இலை மேல் படிந்து வெளிச்சத்தைத் தடுக்கும் பாசியை நத்தை சுரண்டித் தின்றதே காரணம். வீட்டுத் தொட்டியில் அனுபியாஸ் போன்ற மெதுவாக வளரும் தடித்த இலைச் செடிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஓட்டை விழுந்த இலையில் நத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "நத்தை கடித்துவிட்டது" என்று சொல்கிறோமே, பெரும்பாலும் பொட்டாசியம் குறைந்தோ வயதாகியோ இலை முதலில் செத்திருக்கும். நத்தை பின்னால் வந்திருக்கும். மீனுக்கும் இதே கதைதான். காலையில் செத்த மீன் மேல் நத்தை மொய்த்திருந்தால், இரவில் மீன் செத்தது, விடியலில் நத்தை வந்தது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். நலமாக நீந்தும் மீனைப் பிடிக்கும் வேகம் எந்த நன்னீர் நத்தைக்கும் கிடையாது. முட்டை மட்டும் விதிவிலக்கு. மீன் முட்டை வைக்கும் இனப்பெருக்கத் தொட்டியில் நத்தையை வைக்கக் கூடாது.

ஏன் பெருகுகிறது?

குளத்தில் நத்தைக்குக் கணக்குப் பார்க்க ஆள் இருக்கிறது. நத்தைகொத்தி நாரை என்று ஒரு பறவைக்கே பெயர் வைத்திருக்கிறோம். வேடந்தாங்கலில் மரம் நிறைய உட்கார்ந்திருக்கும். மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அதன் அலகு நத்தையைப் பிடிப்பதற்கென்றே அமைந்தது போல இருக்கும். வாத்து, ஆமை, கெண்டை, நண்டு என்று பட்டியல் நீளும். இவற்றுக்கெல்லாம் மேலாகக் கோடை வந்து குளத்தையே வற்ற வைக்கும். வீட்டுத் தொட்டியில் இவை ஒன்றுமில்லை. வருடம் முழுக்க 28, 30 டிகிரி வெதுவெதுப்பு, வற்றாத தண்ணீர், எதிரி இல்லாத இரவு. அங்கே நத்தையின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த மிச்சமிருப்பது உணவு மட்டும்தான்.

அதனால்தான் தலைப்பில் மீனுணவு டப்பாவைச் சொன்னேன். கையால் நூற்றைம்பது நத்தையை அள்ளி வெளியே போட்டாலும், உணவுப் பழக்கம் மாறாவிட்டால் இரண்டே மாதத்தில் அதே நூற்றைம்பது வந்து நிற்கும். எடுத்த நத்தைகளின் பங்கு உணவு, எஞ்சிய நத்தைகளின் குஞ்சுகளுக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். என் மாமியார் வீட்டுத் தொட்டியில் இதைப் பார்த்தேன். வீட்டில் நாலு பேர். நாலு பேரும் ஆளுக்கொரு வேளை மீனுக்குப் போட்டார்கள். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. கண்ணாடி முழுக்க நத்தை. டப்பாவை அலமாரியில் வைத்து, காலையில் ஒருவர் மட்டும், மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போடுவது என்று வைத்தோம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி. மருந்து எதுவும் விடவில்லை. மூன்று மாதத்தில் தேடிப் பார்த்தால்தான் நத்தை தெரிந்தது. மீன்கள் முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருந்தன.

டிரம்பெட் நத்தை இன்னொரு செய்தியும் சொல்லும். பகலில் மண்ணுக்குள் இருந்துவிட்டு விளக்கணைந்ததும் வெளியே வருவது அதன் இயல்பு. பிளாடர் நத்தை போல மேலே வந்து காற்றைச் சுவாசிக்காது. செவுளால் தண்ணீரிலேயே சுவாசிக்கும். பட்டப்பகலில் டிரம்பெட் நத்தைகள் கூட்டமாகக் கண்ணாடியில் மேலேறி நின்றால் தண்ணீரில் உயிர்வளி குறைந்திருக்கிறது, அல்லது அடிமண் கெட்டிருக்கிறது. கோடை இரவில் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்ற மறுநாள் காலையில் இதைப் பார்த்திருக்கிறேன். மீன் வாய் பிளந்து மேலே வருவதற்கு முன்பே நத்தைகள் ஏறிவிட்டிருந்தன.

நிஜமான தீங்குகள்

நத்தையைப் பற்றிய பயங்களில் பல வீண். சில வீண் இல்லை.

சின்ன நத்தைகள் பவர் பில்டருக்குள் நுழைந்து, தண்ணீரைத் தள்ளும் சுழல் விசிறியான இம்பெல்லரில் சிக்கும். பில்டர் திடீரென்று கடகடவென்று சத்தம் போட்டாலோ நின்றாலோ கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டி நத்தை இருக்கும். உள்ளிழுக்கும் குழாய்க்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை போட்டுவிட்டால் தீர்ந்தது.

பெரிய நத்தை சாவது அதைவிடக் கவனிக்க வேண்டியது. மிஸ்டரி நத்தை நம்மூர் வெப்பத்தில் ஒன்று, ஒன்றரை வருடம்தான் வாழும். செத்ததா தூங்குகிறதா என்று தெரியாமல் ஓட்டோடு கிடக்கும். உள்ளே ஐந்து கிராம் சதை இருக்கிறது என்று குத்துமதிப்பாக வைத்தால், அது முழுக்க அழுகும்போது 40 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா நைட்ரஜன் சேரலாம். நம் ஊரில் இது இரட்டை ஆபத்து. அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தின் பங்கு, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஒரு எண் ஏறினால் ஏறத்தாழப் பத்து மடங்காகும். வெப்பம் ஏறினாலும் கூடும். சென்னை போர்வெல் தண்ணீர் பல இடங்களில் பிஎச் 8ஐ ஒட்டி இருக்கிறது. ஒரு நாளுக்கு மேல் அசையாத நத்தையைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். செத்திருந்தால் சந்தேகமே வராத அளவுக்கு நாறும்.

இப்போது அந்த நீலப் புட்டிக்கு வருகிறேன். நத்தை மருந்துகள் பலவற்றில் வேலை செய்வது செம்பு. மயில்துத்தம் என்று உரக்கடையில் விற்கும் காப்பர் சல்பேட்டைச் சிலர் நேரடியாகவே போடுகிறார்கள். செம்பு நத்தையைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. இறாலையும் கொல்லும். மென்னீரில் மீனுக்கும் நஞ்சு: சிறுவாணித் தண்ணீரில் வளர்க்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் சென்னை போர்வெல்காரருக்கும் ஒரே அளவு மருந்து ஒரே விளைவைத் தராது, ஏனென்றால் கடினநீரில் உள்ள சுண்ணாம்பு செம்பின் வேகத்தைக் குறைக்கும். போட்ட செம்பு உடனே போய்விடுவதுமில்லை; மண்ணிலும் கல்லிலும் படிந்திருந்து பிறகு கசியும். ஆறு மாதம் கழித்து ஆசையாக இறால் வாங்கி விட்டால், காரணமே தெரியாமல் சாகும். மருந்து வெற்றி பெற்றால்கூட முன்னே சொன்ன அம்மோனியாக் கணக்கு வந்து நிற்கிறது: மண்ணுக்குள் புதைந்து செத்த நூறு டிரம்பெட் நத்தைகளை நம்மால் எடுக்கவே முடியாது. தொட்டி நிறைய நத்தை இருந்து ஒரு மீனும் சாகாமல் வாழ்ந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நத்தை மருந்து போட்ட மறுநாள் மீன்களையும் சேர்த்து இழந்தவர்கள் என்னிடம் வந்து அழுததும் உண்டு.

ஒட்டுண்ணிப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. தட்டைப்புழுக்கள் பலவற்றுக்கு வாழ்க்கையின் ஒரு கட்டம் நத்தைக்குள் கழிய வேண்டும். நம் குளங்களிலும் வயல்களிலும் உள்ள நாட்டு ராம்ஸ்ஹார்ன் நத்தைதான் மாட்டுக்கு மூக்கில் வளர்ச்சி வந்து குறட்டை விடுவது போல மூச்சுத் திணற வைக்கும் புழுவைச் சுமப்பது. அந்த நத்தை வெளியிடும் நுண்புழுக்கள் வயல் சேற்றில் இறங்குபவர்களின் காலில் ஏறி அரிப்பையும் தடிப்பையும் தருவதுண்டு. ஆனால் இந்தப் புழுக்களின் சுற்று முழுமையாக மாடோ பறவையோ ஏதாவது ஓர் உயிர் கட்டாயம் வேண்டும். வீட்டுத் தொட்டிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த நத்தையில் அந்தச் சுற்று அறுந்துபோகிறது. ஆகவே எச்சரிக்கை தொட்டி நத்தைக்கு இல்லை. குளத்திலிருந்தும் கோயில் தெப்பத்திலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் பிடித்து வந்து தொட்டியில் விடும் நத்தைக்கு. அதைச் செய்யவே வேண்டாம். தொட்டியில் கைவிட்டு வேலை செய்த பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுவது எப்படியும் நல்லது.

மறுபக்கம், நம்மால் நத்தைக்கு நேரும் தீங்கு ஒன்று உண்டு. கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் சுத்தமானவை என்று அதையே தொட்டியில் ஊற்றுகிறார்கள். ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் அது இல்லை. பிஎச் ஏழுக்குக் கீழே இறங்கினால் இருக்கும் ஓடும் கரையும். முனையில் வெள்ளை வெள்ளையாகக் குழி விழுந்த ஓடு அதன் அடையாளம். ஆசைப்பட்டு வாங்கிய நத்தைக்கு ஒரு துண்டு கணவாய் ஓடு போட்டு வையுங்கள். கோழி முட்டை ஓட்டை வேகவைத்து நொறுக்கிப் போட்டாலும் சரி.

குறைக்க வேண்டுமென்றால்

உணவைக் குறைத்த பிறகும் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிந்தால், இரவில் விளக்கணைத்ததும் வெந்நீரில் லேசாக வெந்த ஒரு வட்டம் வெள்ளரிக்காயைத் தட்டில் வைத்து அடியில் இறக்குங்கள். விடியலில் தட்டை மெதுவாகத் தூக்கினால் முப்பது, நாற்பது நத்தை சேர்ந்து வரும். வாரத்துக்கு இரண்டு முறை போதும். தண்ணீர் மாற்றும்போது சைபன் குழாயை மண்ணுக்குள் இறக்கி அழுக்கை இழுத்தால் டிரம்பெட் நத்தையின் சாப்பாடும் சேர்ந்து போகும்.

நத்தை தின்னும் மீனை வாங்கலாமா என்று கேட்பார்கள். கடையில் கை காட்டுவது லோச் மீன்களையும் பட்டாணி பஃபரையும். இங்கே கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். கிளவுன் லோச் ஓரடி வளரும் மீன். இரண்டடித் தொட்டியில் அதை அடைப்பது பாவம். வரிக்குதிரைக் கோடு போட்ட லோச் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் வாழ்வது, அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டது. பட்டாணி பஃபர் கேரளத்து ஆறுகளின் சொந்தக் குடி. 1941இல் மீன் ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் அதை விவரித்தபோது வைத்த அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. அதுவும் அச்சுறுத்தலுக்குள்ளான இனம். கடைக்கு வருபவற்றில் பெரும்பகுதி ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டவை. நத்தைக்காக அதை வாங்கி, நத்தை தீர்ந்ததும் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கிறது என்று கைவிடுவது நடக்கிறது. மாறாக, ஏற்கெனவே பஃபர் வளர்ப்பவருக்கு நத்தை ஒரு வரம். தனித் தொட்டியில் நத்தை வளர்த்துத் தீவனமாகப் போடுகிறார்கள். ஒருவரிடம் பெருகித் தொல்லையாக இருப்பதை இன்னொருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பார். அசாசின் என்று விற்கும் கோடுபோட்ட நத்தை மற்ற நத்தைகளை வேட்டையாடும், மெதுவாகப் பெருகும். அவசியமென்றால் அது தேவலை.

வராமலே தடுப்பது இன்னும் எளிது. புதுச் செடியை நேராகத் தொட்டியில் நடாமல், ஒரு வாளியில் தனியாக இரண்டு மூன்று வாரம் வையுங்கள். நம் வெப்பத்தில் முட்டைகள் ஒன்று, இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். குஞ்சைக் கண்ணால் பார்த்து எடுக்கலாம். படிகாரக் கரைசலில் ஊறவைப்பது பழைய வழி. அது நத்தையைக் கொல்லும் அளவுக்கு முட்டையைக் கொல்லாது என்பதால் நான் வாளியைத்தான் நம்புகிறேன். ஆய்வகக் கோப்பையில் திசு வளர்ப்பாக வரும் செடியில் நத்தை இருக்காது.

எடுத்த நத்தையை எங்கே போடுவது?

இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிடித்த நத்தையைச் சாக்கடையிலோ ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். உயிரைக் கொல்ல மனம் வராமல் செய்கிறோம் என்பது புரிகிறது. ஆனால் விளைவு பெரியது. தங்க ஆப்பிள் நத்தையை உணவுக்காக 1980ஐ ஒட்டித் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். விலை போகாமல் வாய்க்காலில் விட்டதும், அங்கிருந்து பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று பரவி நெல் நாற்றை அறுத்துத் தின்றது. இன்று உலகின் மிக மோசமான நூறு ஊடுருவி இனங்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அந்தப் பேரினம் முழுவதையும் தடை செய்தது. அப்பேரினத்தைச் சேர்ந்ததுதான் நாம் வாங்கும் மஞ்சள் மிஸ்டரி நத்தையும். அது நெல்லுக்கு அவ்வளவு கேடில்லாதது என்றாலும், இலங்கையில் நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் விற்ற சக்கர் மீன், பெரிதானதும் ஏரியில் விடப்பட்டு இன்று தமிழ்நாட்டில் வலைகளைக் கிழிப்பதை மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் சோழமண்டலக் கரையின் டிரம்பெட் நத்தையும் வெளியூரில் இதே கேட்டைச் செய்திருக்கிறது. மீன் வளர்ப்பு வணிகத்தோடு அமெரிக்காவுக்குப் போய், டெக்சாஸ் மாநிலத்தின் கோமல் ஆற்றில் குடியேறியது. 1990களில், அது சுமந்து சென்ற ஆசியத் தட்டைப்புழு ஒன்று அந்த ஆற்றிலும் சுற்றுவட்டாரத்திலும் மட்டுமே வாழும் ஒரு சிறு மீனின் செவுளைத் தாக்குவதைக் கண்டார்கள். ஏற்கெனவே அருகிவந்த மீன் அது. குளத்தில் நாரைக்கு இரையாகி அடங்கிக் கிடந்த உயிர், ஊர் மாறியதும் இன்னோர் உயிரின் மூச்சை அடைத்தது.

ஆகவே பிடித்த நத்தையை உங்கள் மீன் தின்னுமென்றால் நசுக்கிப் போடுங்கள். பிளாடர், ராம்ஸ்ஹார்ன் ஓடு மென்மையானது, மீன்கள் ஓடிவந்து தின்னும். இல்லையென்றால் கொதிக்கும் நீரை ஊற்றி உடனே முடித்து, மாடித் தோட்டத்து மண்ணில் புதைத்துவிடுங்கள். ஓட்டின் சுண்ணாம்பு தக்காளிக்கு ஆகும். கழித்த செடியை நன்றாக வெயிலில் காயவைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை மழைநீர் வடிகாலில் கொட்டாமல் அதே தோட்டத்துக்கு ஊற்றுங்கள். அதில் முட்டையோ குஞ்சோ இருந்தாலும் வெயில் மண்ணில் காய்ந்துவிடும், நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும்.